கிளிப் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பேசர் வெக்கறாங்களா? எத்தனைன்னு எண்ணிக்கோங்க

பல்லுக்கு கிளிப் போடலாம்னு முடிவு பண்ணி, எக்ஸ்ரே, அச்சு, போட்டோன்னு எல்லாம் எடுத்து முடிச்சு, அடுத்த தடவை போனா கம்பி மாட்டிருவாங்கன்னு நாம நினைச்சிட்டு இருப்போம், அப்ப டாக்டர் "முதல்ல ஒரு வாரத்துக்கு ஸ்பேசர் வெச்சு அனுப்பறேன்"னு சொல்லுவாரு. செப்பரேட்டர்னும் சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். பாத்தா ஒரு குட்டி ரப்பர் வளையம், சட்டை பட்டன்ல பாதி கூட தேறாது. இத்துணூண்டு என்ன பண்ணிரப் போகுதுன்னு அலட்சியமா போன ஆளு நான், அன்னைக்கு ராத்திரி தட்டுல சாப்பாட்டை போட்டுக்கிட்டு மென்னு முழுங்க முடியாம முழிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அக்கா பொண்ணுக்கும் இதே வெச்சாங்க, அப்ப கூட போனது நான்தான், அவளுக்கு எவ்வளவோ சுலபமா போச்சு. காரணம் என்னன்னா எனக்கு யாரும் சொல்லாத நாலு விஷயத்தை அவளுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல இது எதுக்குன்னு புரிஞ்சிக்கிட்டா பாதி பயம் போயிரும். முன்பல்லுல எல்லாம் கம்பியை பிடிச்சுக்கற சின்ன சின்ன பிராக்கெட்டை பசை வெச்சு ஒட்டிருவாங்க, ஆனா பின்னாடி கடவாய்ப்பல்லுக்கு, அதாவது நடுவுல இருந்து எண்ணினா ஆறாவதா வர்ற பெரிய பல்லுக்கு, பல பேருக்கு ஸ்டீல் பேண்டு போடுவாங்க. மோதிரம் மாதிரி பல்லை முழுசா சுத்தி உக்காரும். அந்த தகடு ரொம்ப மெல்லிசு, சுமார் 0.15 மில்லிமீட்டர்தான், ஆனாலும் ரெண்டு பல்லு இடுக்கி பிடிச்ச மாதிரி ஒட்டி இருந்தா அந்த மெல்லிசு கூட உள்ள போகாது. அழுத்தி திணிச்சா ஈறு கிழியும், பேண்டு நெளியும், வலி உயிர் போகும். அதனால முன்கூட்டியே அந்த இடுக்குல ரப்பரை இழுத்து மாட்டி விட்டுருவாங்க, அது சுருங்கணும் சுருங்கணும்னு முயற்சி பண்ணிக்கிட்டே ரெண்டு பல்லையும் மெதுவா தள்ளும், சில நாள்ல கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கண்ணாடில பாத்தா ஒண்ணும் தெரியாது. பேண்டு உள்ள வழுக்கிட்டு போக அது போதும்.

இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துச்சு. முன்னாடி பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தெத்துப்பல்லு எட்டிப் பாக்குது, அதை சரி பண்ணத்தான் ஸ்பேசர்னு நினைச்சுக்குவோம். சம்பந்தமே கிடையாது. நெருக்கத்தை சரி பண்ண இடம் வேற வழில வரணும்: தாடையை விரிக்கறது, முன்கடவாய்ப்பல்லை எடுக்கறது, பல்லோட பக்கவாட்டுல எனாமலை கொஞ்சூண்டு இழைச்சு விடறது, இப்படி எதாவது ஒண்ணு. ஸ்பேசர் பண்றது பேண்டு நுழையறதுக்கு வாசலை திறந்து விடற வேலை மட்டும்தான். நெருக்கம் அதிகமா இருந்தா வாசலும் இறுக்கமா இருக்கும், அதனால வலி கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான் தொடர்பு.

எல்லாருக்கும் இது தேவையும் இல்ல. கடவாய்ப்பல்லுல பேண்டுக்கு பதிலா ட்யூபை, அதாவது கம்பி நுழையற சின்ன குழாயை, பசை போட்டு ஒட்டறவங்களும் இருக்காங்க, அப்படின்னா ஸ்பேசர் வேண்டாம். கழட்டி மாட்டற பிளாஸ்டிக் உறையான அலைனர் போடறவங்களுக்கும் பேண்டு கிடையாது. ஆனா மேல் தாடையை விரிக்கற எக்ஸ்பேண்டர் மாதிரி பலமா இழுக்கற சாமான் மாட்டணும்னாலோ, அந்தப் பல்லுல ஏற்கனவே கேப் போட்டிருந்தாலோ, பெரிய ஃபில்லிங் இருந்து பசை சரியா பிடிக்காதுன்னாலோ பேண்டுதான் நல்லதுன்னு சொல்லுவாங்க. "எனக்கு பேண்டா, ட்யூபா? ஏன்?" அப்படின்னு கேளுங்க, இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

வகைன்னு பாத்தா ரொம்ப சாதாரணமா வெக்கறது ரப்பர் வளையம்தான், நீலம், பச்சைன்னு அடிக்கற கலர்ல இருக்கும். அந்த கலர் அழகுக்கு இல்ல, ஈறுக்குள்ள நழுவிப் போனா கண்ணுல படணும்னு, இதை பின்னாடி விளக்கமா சொல்றேன். ரெண்டாவது ஸ்டீல் ஸ்பிரிங், சின்ன சுருளும் ரெண்டு கையும் இருக்கும், ஒரு கை பல்லு சேர்ற இடத்துக்கு மேலயும் இன்னொரு கை அடியிலயும் போயி பிடிச்சுக்கும். ரப்பர் நுழையவே மாட்டேங்குதுன்னா இது கைகொடுக்கும், மாட்டும்போதும் எடுக்கும்போதும் வலி கம்மின்னு சொல்லுவாங்க, ஆனா இடைவெளி வந்த உடனே லூசாகி தானா விழுந்துரும். மூணாவது பித்தளை கம்பி, பல்லு சேர்ற இடத்துக்கு அடியில விட்டு மேல கொண்டு வந்து முறுக்கி விடறது, பழைய முறை, இப்ப அதிகம் யாரும் பண்றதில்ல, ஆனா ரொம்ப பிடிவாதமான பல்லுக்கு இன்னும் எடுக்கறவங்க இருக்காங்க.

இப்ப போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. நாள் பாக்கறதுதான் முதல் வேலை, நல்ல நேரம் பாக்க சொல்லல, வலி எப்ப வரும்னு கணக்கு போட்டு பாக்க சொல்றேன். வெச்ச உடனே பெருசா வலிக்காது, நாலு ஆறு மணி நேரத்துல ஆரம்பிக்கும், அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும்தான் உச்சம், அப்புறம் படிப்படியா இறங்கும். அதனால அடுத்து ரெண்டு நாள் லீவு வர்ற மாதிரி வெச்சுக்கிட்டா நல்லது, பரிட்சைக்கு முதல் நாளோ ஊருக்கு கிளம்பற அன்னைக்கோ வெச்சுக்காதீங்க. இன்னொண்ணு, பேண்டு போடற தேதியையும் அன்னைக்கே வாங்கிருங்க. ரப்பர் வளையம் பொதுவா ஒரு வாரம் இருக்கும், சில டாக்டருங்க மூணு நாலு நாள்லயே எடுத்துருவாங்க, ரெண்டு வாரத்தை தாண்ட விடக்கூடாது. வெச்சுட்டு "அப்புறம் போன்ல சொல்றோம்"னு அனுப்பினா ஒத்துக்காதீங்க, தேதி கையில இருக்கணும்.

டாக்டர் கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியதும் இருக்கு. லேட்டக்ஸ் அலர்ஜி இருந்தா சொல்லுங்க, லேட்டக்ஸ் இல்லாத வளையம் தாராளமா கிடைக்குது. இதய வால்வுல பிரச்சனை, வால்வு மாத்தினது, பிறவியிலேயே இதயக் கோளாறு, இப்படி எது இருந்தாலும் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா ஈறு கிட்ட பண்ற வேலைக்கு முன்னாடி சில பேருக்கு ஆன்டிபயாட்டிக் ஒரு டோஸ் கொடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க, எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எடுக்கறவங்க, இவங்களும் சொல்லிரணும், அந்த எலும்பு மருந்துல சிலது பல்லு நகர்றதையே மந்தமாக்கிரும். ஈறு வீங்கி, தேய்க்கும்போது ரத்தம் வருதுன்னா முதல்ல அதை சரி பண்ணிட்டு ஸ்பேசருக்கு போறதுதான் புத்திசாலித்தனம், வீங்கின ஈறுல வளையம் வெச்சா ரெண்டு மடங்கு எரியும்.

போற அன்னைக்கு வயிறு நிறைய சாப்பிட்டுட்டு போங்க. கடிச்சு மென்னு சாப்பிடற எதுவா இருந்தாலும் அதுதான் கடைசி வேளை, அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு அந்த பாக்கியம் கிடையாது. நல்லா தேய்ச்சு, கடவாய் இடுக்கெல்லாம் ஃப்ளாஸ், அதாவது பல்லு இடுக்கை சுத்தம் பண்ற நூல், விட்டு எடுத்துட்டு போங்க, ஒரு வாரத்துக்கு அந்த இடத்துல ஃப்ளாஸ் பண்ண முடியாது. வழக்கமா ஒத்துக்கற வலி மாத்திரை எதையாவது ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுட்டு போகலாமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க, வலி கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சிருந்தா முதல் சில மணி நேரம் லேசா போகும்.

சேர்ல உக்காந்தா என்ன நடக்கும்? ஊசி கிடையாது, மரத்துப் போக வெக்கறது கிடையாது. டாக்டர் முதல்ல அந்த இடுக்குல ஃப்ளாஸ் விட்டு எவ்வளவு இறுக்கம்னு பாப்பாரு. அப்புறம் வளையத்தை ஒரு குறடு மாதிரி கருவில மாட்டி, பிடிச்சா ரெண்டு பக்கமும் விரிஞ்சு தட்டையா பட்டை மாதிரி ஆகும், அதை பல்லு இடுக்குல வெச்சு ரம்பம் ஓட்டற மாதிரி முன்ன பின்ன அசைச்சு கீழ இறக்குவாரு. கருவி இல்லாம ரெண்டு துண்டு ஃப்ளாஸை வளையத்துக்குள்ள கோத்து ரெண்டு பக்கமும் இழுத்து பிடிச்சுக்கிட்டும் இறக்கலாம், சில டாக்டருங்களுக்கு அதுதான் கைப்பழக்கம். இறங்கும்போது "டக்"னு ஒரு சத்தம், ஒரு அழுத்தம், அவ்வளவுதான், ஒரு வளையத்துக்கு சில நொடிதான். சரியா உக்காந்தா வளையத்துல பாதி பல்லு சேர்ற இடத்துக்கு மேல தெரியும், பாதி அடியில ஈறு பக்கம் இருக்கும். முழுசா அடியில போயிருந்தா தப்பு, எடுத்துட்டு திரும்ப வெக்கணும்.

ரொம்ப நெருக்கமா இருக்கற பல்லுல முதல் தடவையே இறங்காது, எனக்கு இடது கீழ் கடவாயில ரெண்டு வளையம் அறுந்து மூணாவதுதான் உக்காந்துச்சு. அப்ப அழுத்தம் வலியா மாறுச்சுன்னா கையை தூக்குங்க, எல்லா டாக்டரும் நிறுத்துவாங்க. சும்மா பல்லை கடிச்சிட்டு பொறுத்துக்கலாம்னு பாத்தா, வாய் திறந்து இருக்கே, கடிக்கவும் முடியாது. மூச்சை மூக்கு வழியா விடுங்க, நாக்கை கீழயே வெச்சிருங்க, வளையம் கை தவறி நாக்கு மேல விழுந்தா முழுங்காம தலையை பக்கவாட்டுல திருப்பி காட்டுங்க. அதுக்கு மேலயும் நுழையலன்னா ஸ்பிரிங் வெப்பாங்க, இல்ல மெல்லிசான வளையத்தை ரெண்டு நாள் வெச்சுட்டு அப்புறம் தடியானதை வெப்பாங்க. அவசரப்படுத்தாதீங்க.

எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: "மொத்தம் எத்தனை வெச்சீங்க, எங்கெங்க?" நாலு கடவாய்ப்பல்லுக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னா எட்டு வரும். பின்னாடி பல்லே இன்னும் முளைக்காத பிள்ளைங்களுக்கு பின்பக்கம் வெக்க வேண்டியதில்ல, அதனால நாலுதான் இருக்கும், அக்கா பொண்ணுக்கு பதினொரு வயசுல அப்படித்தான் நாலு. அந்த எண்ணிக்கையை போன்ல குறிச்சுக்கோங்க, முடிஞ்சா வாயை திறந்து கண்ணாடி வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அசிங்கமாத்தான் இருக்கும், யாருக்கும் அனுப்பப் போறதில்லையே.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, எனக்கு வெச்சது எட்டு. எடுக்கற அன்னைக்கு வந்தது ஏழு. எடுத்தவங்க "ஒண்ணு விழுந்திருக்கும், சாப்பாட்டோட போயிருக்கும்"னு சொல்லிட்டு பேண்டை எடுக்கப் போனாங்க. எனக்கு என்னமோ மேல் வலது பக்கம் மட்டும் நாலு நாளா ஈறு உப்பலா, நாக்கு பட்டாலே கூசுதுன்னு ஒரு உறுத்தல் இருந்துச்சு, அதை சொன்னேன். சரி பாக்கலாம்னு கொக்கி மாதிரி கருவியை விட்டு தேடினா ஈறுக்குள்ள முழுசா புதைஞ்சு நீல வளையம் உக்காந்திருக்கு. நான் சொல்லாம விட்டிருந்தா அது மேலயே பேண்டு ஏறியிருக்கும். ஈறுக்குள்ள மறந்து போன வளையம் பல்லோட வேரை ஒட்டி கீழ கீழ இறங்கும், ஈறுல சீழ் பிடிக்கும், ரொம்ப நாள் கண்டுபிடிக்காம விட்டா பல்லை தாங்கற எலும்பே கரையும். சில வளையம் எக்ஸ்ரேல தெரியும், சிலது தெரியவே தெரியாது. இந்த ஆபத்து எப்பயோ ஒரு தடவைதான் வரும், ஆனா தடுக்கறதுக்கு தேவைப்படறது எட்டு வரைக்கும் எண்ணத் தெரியறது மட்டும்தான்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. முதல்ல நார் எதோ பல்லு இடுக்குல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், நாக்கு சும்மா இருக்காது, அங்கயே போயி துழாவிக்கிட்டே இருக்கும். சாயங்காலத்துக்கு மேல மெல்ல மெல்ல ஒரு கடுகடுப்பு ஆரம்பிக்கும். ஏன்னா பல்லு எலும்புல நேரா பதிஞ்சு இல்ல, நடுவுல 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு மெத்தை மாதிரி ஒரு நார்த்திசு இருக்கு, வளையம் தள்ளும்போது ஒரு பக்கம் அது நசுங்குது, ரத்த ஓட்டம் குறையுது, உடம்பு அதை ஒரு காயமா எடுத்துக்கிட்டு வலி உண்டாக்கற ரசாயனத்தை எல்லாம் அனுப்பி வைக்குது, அதே ரசாயனம்தான் பல்லு நகரவும் உதவி பண்ணுது. அதனாலதான் பல்லு லேசா ஆடற மாதிரியும் இருக்கும், கடிச்சா விண்ணுன்னு தெறிக்கும். மேல் பல்லும் கீழ் பல்லும் சேரும்போது கடவாய் மட்டும் முந்திக்கிட்டு இடிக்கற மாதிரி ஒரு உணர்வு வரும், பல்லு விழுந்துருமோன்னு கூட தோணும், விழாது.

வலிக்கு பாராசிட்டமால் முதல் சாய்ஸ், அட்டையில போட்டிருக்கற அளவும் இடைவெளியும் தாண்டாம. இபுப்ரோஃபென் வலியை நல்லா கேக்கும், ஆனா அது அடக்கறது அந்த பல்லை நகர்த்தற ரசாயனத்தையும்தான், அதனால பல டாக்டருங்க பாராசிட்டமாலே போதும்னு சொல்லுவாங்க, ஒண்ணு ரெண்டு தடவை போட்டா பெருசா ஒண்ணும் ஆயிராது. வயித்துப்புண், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க கேக்காம இபுப்ரோஃபென் தொடாதீங்க. பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மாத்திரையை பொடி பண்ணி ஈறுல வெக்கற வைத்தியம் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, ஆஸ்பிரினை அப்படி வெச்சா ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சுரும், வலி ரெண்டாகும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர்ல அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிக்கறது நல்ல இதம், எத்தனை தடவை வேணா பண்ணலாம். கன்னத்துல துணில சுத்தின ஐஸை பத்து நிமிஷம் வெச்சு எடுக்கலாம்.

சாப்பாடு விஷயத்துல கொள்கை ஒண்ணுதான்: நாக்கையும் மேல் அண்ணத்தையும் வெச்சு நசுக்க முடியறது எதுவோ அது ஓகே. குழைவா வெந்தது, சூப்பு, தயிர், வாழைப்பழம், மசிச்ச காய்கறி, கிளறின முட்டை, இதெல்லாம் இறங்கும். நான் முதல் ராத்திரி வீம்புக்கு வழக்கமான சாப்பாட்டையே மெல்லப் பாத்து கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரெண்டாவது நாள் முழுக்க மசிச்சதுதான். மூணு நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மெல்ல வரும். ஆனா வலி போயிருச்சேன்னு சூயிங்கம், மிட்டாய், டாஃபி, ஒட்டிக்கற பேரீச்சம்பழம் பக்கம் போகாதீங்க, வளையத்தை கூடவே பிடுங்கிட்டு வந்துரும். வறுத்த கொட்டை, ஐஸ் கட்டி கடிக்கறதெல்லாம் ஒரு வாரம் லீவு.

பல்லு தேய்க்கறதை நிறுத்தவே கூடாது, வலிக்குதேன்னு கடவாயை விட்டுட்டு முன்னாடி மட்டும் தேய்ச்சா சாப்பாடு அங்க தங்கி ஈறு வீங்கி, வலி எதனாலன்னே தெரியாம போயிரும். சாஃப்ட் பிரஷ்ல மெதுவா, வழக்கம் போல. வளையம் இருக்கற இடுக்குல மட்டும் ஃப்ளாஸ் கிடையாது, குச்சி கிடையாது, நகம் கிடையாது, தண்ணியை பீச்சி அடிக்கற மிஷினும் அங்க வேண்டாம். மத்த இடத்துல தாராளமா ஃப்ளாஸ் பண்ணலாம். தேய்ச்சு முடிச்ச உடனே கண்ணாடி முன்னாடி நின்னு எண்ணுங்க, காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பின்பக்கம் இருக்கறது நேரா தெரியாது, போன் டார்ச்சை அடிச்சு கன்னத்தை ஒரு விரல்ல இழுத்து பிடிச்சா தெரியும். அக்கா பொண்ணு இதை ஒரு விளையாட்டாவே ஆக்கிட்டா, காலண்டர்ல தினமும் ரெண்டு தடவை நாலு நாலுன்னு எழுதி வெச்சா.

விழுந்துருச்சுன்னா என்ன பண்றது? எந்த நாள்ல விழுந்துச்சுங்கறதை பொறுத்து இருக்கு. முதல் நாளோ ரெண்டாவது நாளோ விழுந்தா இடைவெளி இன்னும் வரல, போன் பண்ணி சொல்லி திரும்ப வெச்சுக்கணும். அஞ்சு ஆறு நாள் கழிச்சு விழுந்தா, பெரும்பாலும் வேலை முடிஞ்சதுனால இடம் லூசாகி விழுந்திருக்கும், ஆனாலும் போன் பண்ணுங்க, ஏன்னா வளையம் போன இடம் சீக்கிரமே திரும்ப மூட ஆரம்பிச்சுரும், பேண்டு போட இன்னும் ரெண்டு நாள் இருக்குன்னா திரும்ப வெக்க சொல்லலாம். விழுந்த வளையத்தை கையில பாத்தீங்கன்னா ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கோங்க, கணக்கு சரியா இருக்கும். முழுங்கிட்டா பயப்பட வேண்டியதில்ல, ரப்பர் வளையம் தானா வெளிய போயிரும். ஆனா முழுங்கின மாதிரி தெரிஞ்சு விடாம இருமல், மூச்சுத்திணறல், விசில் மாதிரி சத்தம் வந்தா அது மூச்சுக்குழல் பக்கம் போயிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. ஸ்பிரிங் முழுங்கினா டாக்டருக்கு தகவல் சொல்லிருங்க. விழுந்ததா பாக்கவும் இல்ல, வாயிலயும் காணோம்னா "போயிருக்கும்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, ஈறுக்குள்ள தேட சொல்லுங்க.

வீட்டுலயே திரும்ப மாட்டலாமான்னா, டாக்டர் ஃப்ளாஸ் வெச்சு எப்படி மாட்டறதுன்னு கத்துக் கொடுத்து எக்ஸ்ட்ரா வளையமும் கொடுத்திருந்தா மட்டும். இன்னொரு விஷயம் இதை விட முக்கியம், சாதாரண ரப்பர் பேண்டை வாங்கி பல்லுல சுத்தி தானே இடைவெளியை சரி பண்றேன்னு கிளம்பற வேலை வேண்டவே வேண்டாம். பல்லோட வடிவம் அடிப்பக்கம் குறுகிட்டே போகும், அதனால ரப்பர் பேண்டு தானா ஈறுக்குள்ள ஏறி வேரை சுத்தி எலும்பை அரிச்சுக்கிட்டே போகும், அப்படி ஆரோக்கியமான பல்லை பறிகொடுத்தவங்க நிஜமாவே இருக்காங்க.

சாதாரண வலி மூணாவது நாள்ல இருந்து இறங்கணும். நாலு அஞ்சு நாள் ஆகியும் ஏறிக்கிட்டே இருந்தா, ஈறு ஒரு இடத்துல மட்டும் உப்பி சிவந்திருந்தா, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், முக வீக்கம் இருந்தா தேதி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்பிரிங்கோட நுனி கன்னத்தை குத்துச்சுன்னா மெழுகு உருட்டி அந்த நுனில ஒட்டலாம், அதுக்கு கொஞ்சம் மெழுகை முதல் நாளே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, எப்படியும் கிளிப் மாட்டின பிறகு தேவைப்படும்.

எடுக்கற நாள் சந்தோஷமான நாள். கொக்கியை விட்டு ஒரு இழு, வளையம் வெளிய, அந்த நிமிஷமே இத்தனை நாளா இருந்த இறுக்கம் விட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். லேசா ரத்தம் வரலாம், பரவாயில்ல. எடுத்ததை எல்லாம் ஒரு டிஷ்யூல வரிசையா வெக்க சொல்லி நீங்களும் எண்ணுங்க, அவங்க கோச்சுக்க மாட்டாங்க. உடனே பேண்டு அளவு பாப்பாங்க, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு மாத்தி மாத்தி போட்டு பாத்து, சரியானதை ஒரு குச்சியை கடிக்க சொல்லி அழுத்தி இறக்குவாங்க. பல்லு ஏற்கனவே நொந்து போயிருக்கறதால அந்த கடிக்கற நேரம் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அதுக்கு மனசை தயார் பண்ணிக்கோங்க. அளவு சரின்னா கழட்டி, பல்லை காய வெச்சு, சிமெண்ட் தடவி திரும்ப மாட்டுவாங்க, ஈறு பக்கம் பிதுங்கற சிமெண்டை சுரண்டி எடுப்பாங்க. வளையத்தை எடுத்துட்டு "நாளைக்கு வந்து பேண்டு போட்டுக்கோங்க"ன்னு அனுப்பினா ஒத்துக்காதீங்க, இடைவெளி அதுக்குள்ள மூடிரும், திரும்ப முதல்ல இருந்து. அதே மாதிரி உங்களால அன்னைக்கு போக முடியலன்னா வளையத்தை நீங்களே பிடுங்கிராம போன் பண்ணி ரெண்டு மூணு நாளுக்குள்ள வேற நேரம் கேளுங்க, வாரக்கணக்குல தள்ளிப் போடாதீங்க.

அக்கா பொண்ணு அன்னைக்கு சேர்ல வாயை திறந்துக்கிட்டே கையை தூக்கி நாலு விரலை காட்டினா. டாக்டருக்கு முதல்ல புரியல, எதோ வலிக்குதுன்னு நினைச்சு நிறுத்திட்டாரு. புரிஞ்ச பிறகு ஒவ்வொண்ணா எடுத்து அவ கையில கொடுத்தே எண்ண விட்டாரு.